நிலானிக்கு இரண்டு ரோஸ் கை

பிப்ரவரி 4, ஞாயிறு

கமர் கட்டளை. நூறாவது பாகம் வெளியாகும்வரை நடப்பதையெல்லாம் தேதி போட்டு எழுதி வைக்க வேண்டுமாம். பிறகு "உருவான கதை" என்று வாசகர்களுக்குப் போடலாமாம். "பொம்மையைத் தொடுறவ நீ, அப்ப நீதான் எழுதணும்" என்று தீர்த்துச் சொல்லிவிட்டாள். எழுதுகிறேன், வாசகர்கள் பாடு.

யார் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் ஃபிலோமினா, வயது நாற்பத்தொன்று. தில்லைநகரில் ஒரு லேபில் பல் செட் செய்கிறேன். வீடு பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ். வீட்டுக்காரர் இன்னாசி பணிமனையில் ஃபிட்டர். கமர் என்கிற கமருன்னிஷா உறையூர்க்காரி, என்னோடு பள்ளியில் ஒரே பெஞ்ச். கட்டப்போகிற வீடு எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் படம் செய்து கொடுப்பது அவள் பிழைப்பு. இல்லாத வீட்டின்மேல் வெயில் அடிக்க வைப்பாள், இல்லாத வாசலில் காரை நிறுத்துவாள்.

எட்டாம் வகுப்பில் நாங்கள் பைத்தியமாகப் பார்த்த தொடர் "விண்காவலர்". ஐம்பத்திரண்டாவது வாரம் தளபதி நிலானி தொங்குபாலத்தின் நடுவில் நிற்கிறாள், மறுமுனையில் அண்டகன் கத்தியோடு நிற்கிறான், தொடரை நிறுத்திவிட்டார்கள். அடுத்த வாரம் அதே நேரத்தில் ஒருவர் வந்து பாகற்காய்ப் பொரியல் செய்து காட்டினார். அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

நான்கு வருடமாக மீதிக் கதையை நாங்களே செய்கிறோம். ஆறங்குலப் பொம்மைகளை நிற்க வைத்துப் படம் பிடித்து, பேச்சைக் குமிழிக்குள் போட்டு, இணையத்தில் விடுகிறோம். கதை கமருடையது. பொம்மை, உடுப்பு, காடு, மலை எல்லாம் என்னுடையது. தொண்ணூற்றொன்பது பாகம் வந்தாயிற்று, ஆயிரத்துச் சொச்சம் பேர் படிக்கிறார்கள். எங்கள் முகப்பில் இப்படி எழுதியிருக்கும்: எல்லாம் பொம்மை, எல்லாம் வெயில், கிராஃபிக்ஸ் கிடையாது.

நிலானி பொம்மை பழைய சாமான் கடையில் அகப்பட்டபோது அவளுக்கு இடது கை இல்லை. பல் செட்டில் ஈறு செய்கிற ரோஸ் அக்ரிலிக்கில் நானே ஒரு கை வார்த்தேன். முழங்கை மடங்கும், மணிக்கட்டு திரும்பும். அண்டகன் எரித்த கை மறுபடி முளைத்ததாகக் கமர் கதையில் சேர்த்துவிட்டாள். வாசகர்கள் இப்போது அவளை ரோஸ்கை என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

நூறாவது பாகத்தில் நிலானி அதே தொங்குபாலத்துக்குத் திரும்பி வருகிறாள். மேலே மழை, கீழே வெள்ளம், ஒற்றைக் காலில் பாய்ச்சல். "இதைப் பொம்மையில செய்ய முடியாதுடி, நான் கம்ப்யூட்டர்ல செஞ்சு தர்றேன்" என்றாள் கமர். முகப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்கச் சொன்னேன். அதோடு பேச்சு முடிந்தது.

பிப்ரவரி 11, ஞாயிறு

ஐஸ் குச்சியையும் கயிற்றுத் திரியையும் வைத்து இரண்டடிப் பாலம் கட்டி, கொல்லையில் மாமரத்துக்கும் துணிக்கொடிக் கம்பத்துக்கும் நடுவில் தொங்கவிட்டேன். அழகாக வந்திருக்கிறது. நிலானிதான் நிற்க மாட்டேன் என்கிறாள். நிறுத்திவிட்டுக் கையை எடுப்பதற்குள் விழுகிறாள். பதினோரு தடவை.

கொல்லையில் காற்று. முழங்கால் மூட்டும் தளர்ந்திருக்கும். மூட்டில் நகப்பூச்சு விட்டு இறுக்கினேன்.

பிப்ரவரி மாதத்தில் இப்படி ஒரு புழுக்கத்தை நான் பார்த்ததில்லை. இன்னாசி போர்வையை இழுத்துப் போர்த்துகிறார், எனக்கு ஃபேன் ஐந்தில் ஓடினாலும் போதவில்லை. "உனக்கு மட்டும் தனியா சித்திரை வந்துருச்சா?" என்று கேட்கிறார். மனுஷனுக்கு நக்கல்.

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு லேபுக்குப் போனேன். தவக்காலம் முழுக்க ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருப்பது எங்கள் வீட்டு வழக்கம். ரவிக்கை எல்லாம் தொளதொள. தவக்காலம் தொடங்கிய அன்றே மெலிந்தவள் திருச்சி மறைமாவட்டத்தில் நான் ஒருத்திதான். அந்த ஒருவேளையும் மூன்று பேர் சோற்றைத் தின்கிறேன், அதைப் பங்குச்சாமியாரிடம் சொல்லவேண்டியதில்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

மெழுகில் செதுக்கிய கடைவாய்ப்பல் இரண்டு உடைந்துபோனது. மெழுகு சரியில்லை, மலிவுச் சரக்கு. லேப் முதலாளி ரெங்கராஜன் சார் பக்கத்தில் வந்து நின்று, "உடம்பு ஏதும் சரியில்லையாம்மா?" என்றார். மெழுகைப் பற்றிச் சொன்னேன். அவர் அதே மெழுகில் ஒரு பல்லைச் செதுக்கிக் காட்டிவிட்டுப் போனார். அவருக்கு என்ன, ஏசி அறையில் உட்கார்ந்து செதுக்குகிறார்.

பிப்ரவரி 25, ஞாயிறு

கமர் வந்தாள். நூலில் நிலானியைத் தொங்கவிட்டு நான் பிடித்துக்கொள்ள வேண்டும், கமர் கேமராவை அழுத்த வேண்டும், அதுதான் எப்போதும் முறை. நூற்று நாற்பது படம் எடுத்தோம். மூன்று தேறியது. தலைமுடிக்கு அடிக்கிற தண்ணீர்க் குப்பியால் மழை பெய்யவைத்தேன். ஒவ்வொரு துளியும் நிலானி தலை அளவுக்கு இருக்கிறது. தண்ணீரைச் சின்னதாக்க எனக்கு வழி தெரியவில்லை.

கமர் பாதி நேரம் பொம்மையைப் பார்க்கவே இல்லை, என்னைப் பார்த்தாள். "சாப்பிடுறியா? தூங்குறியா?" என்று கேள்வி. டீ டம்ளரை வேறு யாரோ வழிய வழிய நிரப்பிவிட்டிருந்தார்கள், பாதி என் புடவையில். "கொஞ்ச நேரம் உக்காருடி" என்றாள். "நீ கேமராவ ஒழுங்கா புடி, போதும்" என்றேன். அவள் நிலானியை எடுத்துத் திருப்பித் திருப்பி நாற்பது படம் எடுத்தாள். எதற்கு என்று கேட்டால், "சும்மா."

மார்ச் 3, ஞாயிறு

கமர் வரவில்லை. வீட்டுப் படம் ஒன்று அவசரமாம். அதற்குப் பதில் போனில் ஒரு படம் அனுப்பினாள். தொங்குபாலம், சாரல், கீழே செம்மண் வெள்ளம், பக்கவாட்டில் ஒற்றைக் காலில் நிலானி. கம்ப்யூட்டர் நிலானி. அந்தச் "சும்மா" இதற்குத்தான்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குற்றம் தேடினேன். ஒன்று கிடைத்தது. அவள் கால் பலகையில் அழுந்தவில்லை, கயிறு தொய்யவே இல்லை. நிற்கிற மாதிரி இருக்கிறாளே தவிர நிற்கவில்லை.

மற்றபடி நன்றாக இருந்தது. வெளியிடும்போது இந்த வரியை எடுத்துவிட வேண்டும்.

மார்ச் 10, ஞாயிறு

சண்டை. நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

நான் சொன்னேன்: "பொம்மை நெசமா இருக்கு. அதுக்கு எடை இருக்கு, நெழல் இருக்கு, காலு உடைஞ்சா உடைஞ்சதுதான். அதுக்காகத்தான் ஆயிரம் பேரு படிக்கிறாங்க. நீ செய்யறது வீட்டு விளம்பரம்."

கமர் சொன்னாள்: "கிராஃபிக்ஸ் கிடையாதுன்னு எழுதி வச்சிருக்கியே, நிலானி பறந்தப்பல்லாம் அந்த நூலை அழிச்சது யாரு? உன் மாமரமா? நாலு வருஷமா நான் கம்ப்யூட்டர்லதான்டி உக்காந்திருக்கேன்."

"நூல அழிக்கிறதும் ஆளையே செய்யறதும் ஒண்ணா?"

"எங்க கோடு போடுறது, சொல்லு. நூல் சரி, மழை தப்பா? மழை சரி, கால் தப்பா? உனக்கு முடிஞ்சதெல்லாம் நெசம், முடியாததெல்லாம் பொய்யா?"

"எனக்கு என்னடி முடியல?" என்று கத்தினேன். பக்கத்து குவார்ட்டர்ஸ் ஜன்னல் திறந்தது. கமர் கண் கலங்கியது போல் இருந்தது. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, நிற்க அரை மணி ஆயிற்று. கோபம் வந்தால் யாருக்கும் அடிக்கும்.

மார்ச் 17, ஞாயிறு

ரமலான் தொடங்கி ஒரு வாரம். நான் ஒருசந்தி, அவள் நோன்பு. இரண்டு பட்டினியும் ஒன்றாக வந்திருக்கின்றன, நான்கு வருடத்தில் முதல் தடவையாக நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக இல்லை.

காலை பத்து மணிக்கு வாசகர் குழுவில் கமர் ஒரு படம் போட்டாள். "நூறாவது பாகத்துக்கு இப்படி ஒரு யோசனை, எல்லாரும் கருத்து சொல்லுங்க" என்று. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நிலானி நேருக்கு நேர் பார்க்கிறாள். இரண்டு கையும் ரோஸ்!

எனக்கு உடனே புரிந்துவிட்டது. வீட்டு முகப்பு செய்கிறவர்கள் ஒரு பாதியைச் செய்துவிட்டு மறுபாதிக்கு அதையே கண்ணாடிபோலத் திருப்பிவிடுவார்கள். இந்தப் பக்கம் ஜன்னல் என்றால் அந்தப் பக்கமும் ஜன்னல். இவள் பழக்கதோஷத்தில் இடது பாதியைச் செய்து திருப்பியிருக்கிறாள். நோன்பு மயக்கத்தில் கவனிக்கவில்லை.

போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். நான் குழுவிலேயே எழுதினேன்: "ஜன்னல் ஒட்டுகிறவர்கள் ஆளைச் செய்தால் கையையும் ஜோடியாகத்தான் ஒட்டுவார்கள். நான்கு வருடமாக நூலை அழித்ததைத் தவிர இந்த அம்மா என்ன செய்தார் என்று தெரிந்தவர்கள் சொல்லலாம்."

ஐம்பத்தாறு பேர் சிரித்தார்கள். மதியம் பார்த்தேன். கமருன்னிஷா குழுவிலிருந்து வெளியேறினார் என்று இருந்தது.

மார்ச் 18, திங்கள்

கமர் போன் எடுக்கவில்லை. ஆறு தடவை.

மார்ச் 24, குருத்து ஞாயிறு

தனியாகவே முடித்துக் காட்டுகிறேன் என்று குருத்தோலையை வீட்டில் வைத்த கையோடு கொல்லைக்குப் போனேன். கேமராவை ஸ்டூலில் வைத்து, பத்து நொடிக்குப் பிறகு தானாக எடுக்கும்படி செய்துவிட்டு, ஓடிப் போய் நூலைப் பிடித்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு படம். ஒன்றுகூட இல்லை.

கடைசியில் நிலானி தொட்டிக் கல்லில் விழுந்து ரோஸ் கை கழன்றுவிட்டது. உடையவில்லை, தோளில் ஆணி மட்டும் வெளியே வந்திருக்கிறது. ஆணியைத் துளையில் செருகினால் தீர்ந்தது. நான் தினமும் செய்கிற வேலை, இதைவிடப் பொடிசான பல்லில். செருகினேன். துளை இங்கே, ஆணி அங்கே. கால் மணி நேரம். கண்ணாடி பவர் மாற்ற வேண்டும் போலிருக்கிறது.

இன்னாசி வந்து எதிரில் குந்தினார். என் கையிலிருந்து இரண்டையும் வாங்கினார். சின்ன சாமானே பிடிக்கத் தெரியாத அந்த ஃபிட்டர் கையால் முதல் தடவையிலேயே செருகிவிட்டார். "எப்பத்துலேருந்து ஃபிலோ?" என்று கேட்டார்.

"எது எப்பத்துலேருந்து? எதுவும் இல்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதேன். எழுதியாயிற்று, இந்த வரியை அடிக்கவில்லை.

மார்ச் 27, புதன்

இன்னாசி ஏழரைக்கு வந்தார். ஷிஃப்ட் ஐந்து மணிக்கே முடியும். வாயைத் திறந்தால் நோன்புக் கஞ்சி வாசனை. பொன்மலைப் பணிமனையில் எந்த கேன்டீனில் நோன்புக் கஞ்சி ஊற்றுகிறார்கள் என்று கேட்டேன். "ஒரு தோஸ்து குடுத்தாரு" என்று சட்டையைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

வருடா வருடம் கமர் எனக்கும் ஒரு தூக்குக் கஞ்சி அனுப்புவாள்.

மார்ச் 29, பெரிய வெள்ளி

சிலுவைப்பாதைப் புத்தகம் கையில் நிற்கவில்லை. கோயிலில் ஃபேன் காற்று அதிகம். பக்கத்திலிருந்த அம்மா ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஏப்ரல் 1, திங்கள்

நேற்று ஈஸ்டர், உயிர்ப்புப் பெருவிழா. இன்று லேபுக்கு விடுமுறை இல்லை, ஆனால் இன்னாசி என் செருப்பை எடுத்து ஒளித்துவைத்துவிட்டார். சண்டை முற்றுவதற்குள் வாசலில் கமர். கையில் லேப்டாப். முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

"உன்னைப் பாக்க வரல. ஒண்ணு காட்டிட்டுப் போயிர்றேன்" என்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். "அண்ணே, நீங்களும் வாங்க."

காட்டியது பழைய படங்கள், நூலை அழிப்பதற்கு முன்னால் இருந்தபடி. எழுபதாவது பாகத்தில் நிலானி தலைக்கு மேல் நூல் ஒரே கோடு. எண்பத்தைந்திலும் ஒரே கோடு. அக்டோபரில் எடுத்த தொண்ணூறாவது பாகத்தில் நூல் இரண்டாகத் தெரிந்தது. தொண்ணூற்று நான்கில் மூன்று, நிலானியின் முகமே இரண்டு. தொண்ணூற்றொன்பதில் அது யார் என்றே தெரியவில்லை.

"இதெல்லாம் நல்லாத்தானே வெளிவந்துச்சு?" என்று கேட்டேன்.

"வெளிவர வச்சேன்டி. அஞ்சு மாசமா ஒவ்வொரு படமா உக்காந்து, பழைய படத்துலேருந்து மூஞ்சிய எடுத்து, காலை எடுத்து ஒட்டினேன். நூறாவது பாகத்துக்கு ஒட்டறதுக்குப் படமே இல்ல. அதனாலதான் முழுசா கம்ப்யூட்டர்ல செஞ்சேன். உன்ன ஓரங்கட்ட இல்ல."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

அவள் லேப்டாப்பை மூடிவிட்டுத் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். "எங்க அத்தாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. டீ கிளாஸ்ல. பார்க்கின்சன்னு பேரு வைக்கறதுக்கே ரெண்டு வருஷம் ஆச்சு. உன் கையப் பாக்கறப்பல்லாம் எனக்கு அத்தாவோட கையா தெரிஞ்சுது. அதை எப்படிடி வாயால சொல்லுவேன்? நான் சொல்லிட்டா அது நெசமாயிரும்னு பயம்."

இன்னாசி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் என் இரண்டு கையையும் மேசைமேல் வைத்தேன். ஒளிக்க வேறு இடம் இல்லை. இரண்டும் ஆடின. மூன்று பேரும் பார்த்தோம்.

ஏப்ரல் 3, புதன்

டாக்டரம்மா கையை நீட்டச் சொல்லி, விரல்மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். தாள் படபடவென்று அடித்துக்கொண்டது. புழுக்கமா, பசியா, எடை குறைந்ததா, தூக்கம் இல்லையா, எரிச்சல் வருகிறதா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் "ஆமா" என்று இன்னாசியே பதில் சொன்னார். எரிச்சலுக்கு மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

"நீங்க பயப்படறது மாதிரி தெரியல. எதுக்கும் ரத்தம் பாத்துருவோம்" என்றார் டாக்டரம்மா. கமர் வெளியே பெஞ்சில் உதடு அசைய ஓதிக்கொண்டிருந்தாள். நோன்பு வாயோடு மூன்று மணி நேரம்.

ஏப்ரல் 5, வெள்ளி

தைராய்டு!

கழுத்தில் இருக்கிற ஒரு சுண்டைக்காய் அளவு சமாச்சாரம் தேவைக்கு மேல் வேலை செய்கிறதாம். கை நடுக்கம், புழுக்கம், படபடப்பு, ரவிக்கை தொளதொளப்பு எல்லாம் அதன் வேலை. மாத்திரை இருக்கிறது. நடுக்கம் சில வாரத்தில் நன்றாகக் குறையும், ஒழுங்காகப் போட்டுவந்தால் நின்றும் போகலாம் என்றார் டாக்டரம்மா. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

கமருக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள். "தைராய்டுடி" என்றேன். அந்தப் பக்கம் மூக்குறிஞ்சுகிற சத்தம். "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு, "சரி, வைக்கிறேன்" என்றாள். நான் மேலே பேசுவதற்குள் வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 11, வியாழன்

நோன்புப் பெருநாள். உறையூருக்கு நானே போனேன். கமர் தேங்காய்ப்பால் வட்டிலப்பம் வைத்தாள். உட்கார்ந்து ஒரு கரண்டி தின்றுவிட்டு, வழியெல்லாம் யோசித்துவைத்ததை எடுத்துவிட்டேன்: "அன்னைக்கு குரூப்புல எழுதினது நான் இல்லடி. தைராய்டு. டாக்டரே சொல்லிட்டாங்க, எரிச்சல் வருமாம்."

கமர் கரண்டியைக் கீழே வைத்தாள். "எரிச்சல் தைராய்டுதான். ஒத்துக்கறேன். 'இந்த அம்மா என்ன செஞ்சார்'னு ஒரு வாக்கியம் எழுதினியே, அது எந்த சுரப்பி சுரந்துச்சு?"

நான் வட்டிலப்பத்தைக் கரண்டியால் கிண்டினேன்.

"அதை நீ ரொம்ப நாளா நெனச்சிருக்க. மாத்திரையில அது போகாது" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

வட்டிலப்பம் முழுவதையும் தின்றுவிட்டுக் கிளம்பினேன். பேருந்தில் திரும்பும்போது யோசித்தேன். உண்மைதான். வாசகர்கள் ரோஸ்கையைக் கொண்டாடும்போதெல்லாம், செய்தது நான், இவள் கதை எழுதி நூல் அழித்தவள்தானே என்று உள்ளுக்குள் ஓடும். நான்கு வருடமாக ஓடியிருக்கிறது.

ஏப்ரல் 12, வெள்ளி

குழுவில் எழுதினேன். ஏழு தடவை அடித்து எழுதியதில் கடைசியாக நின்றது இது:

"மார்ச் 17 அன்று கமருன்னிஷாவை இந்தக் குழுவில் கேவலமாகப் பேசினேன். அது தப்பு. தொண்ணூறாவது பாகத்திலிருந்து என் கை நடுங்குகிறது. நான் நூல் பிடித்து எடுத்த படங்கள் ஒன்றும் தேறவில்லை. நீங்கள் பார்த்த ஒவ்வொரு படத்தையும் கமர் ஐந்து மாதமாகக் கம்ப்யூட்டரில் ஒட்டி ஒட்டிச் சரிசெய்தாள், என்னிடம்கூடச் சொல்லவில்லை. நீங்கள் பாராட்டியதை எல்லாம் நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அதில் அவள் பங்கு பாதி, சில பாகத்தில் பாதிக்கும் மேல். 'கிராஃபிக்ஸ் கிடையாது' என்ற வரியை முகப்பிலிருந்து எடுத்துவிட்டேன். அது எப்போதுமே உண்மையாக இருந்ததில்லை."

வைத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுதினால் மறுபடி சாக்குச் சொன்னதாகிவிடும்.

ஏப்ரல் 14, ஞாயிறு

பத்து மணிக்குக் கொல்லைக்கதவு திறந்தது. கமர். "படிச்சேன்" என்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் பாலத்தடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தாள். "இந்தக் கயித்துத் தொய்வு எனக்கு வேணும். என் கம்ப்யூட்டருக்கு அது வர மாட்டேங்குது."

நான் ஓடிப் போய் டீ போட்டேன். அடுக்களையில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். சந்தோஷம் தாங்கவில்லை.

ஏப்ரல் 21, ஞாயிறு

நடுக்கம் பாதியாகிவிட்டது. நூல் பிடிக்க இன்னும் தேறாது. வேலையைப் பிரித்துக்கொண்டோம். பாலம், பலகை, நிற்கிற நிலானி, அண்டகன் எல்லாம் பொம்மை. மழை, வெள்ளம், ஒற்றைக் கால் பாய்ச்சல் கம்ப்யூட்டர். பொம்மை நிற்க உள்ளங்காலில் பல் மெழுகு ஒட்டினேன். கயிறு தொய்ந்து நிற்பதைக் கமர் எல்லாப் பக்கமும் படம் எடுத்தாள், அவளுடைய நிலானி பாய்ந்து வந்து இறங்குகிற இடத்தில் அந்தத் தொய்வைப் போடுவாளாம்.

மறுபடி சண்டை, துளி அளவு பற்றி. அவள் மழை ரொம்பச் சுத்தமாக இருக்கிறது, சேறு தெறிக்கவில்லை என்றேன். "சேறு நீ குடு, நான் மழை தர்றேன்" என்றாள். காபித்தூளையும் கோந்தையும் குழைத்து நிலானி முழங்கால்வரை பூசினேன்.

ஏப்ரல் 30, செவ்வாய்

முன்பல் ஆறு, ஒரே மூச்சில் செதுக்கினேன். ரெங்கராஜன் சார் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இந்த மெழுகு நல்லா இருக்கோ?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்காமல் போனார். மூக்குடைபட்டேன், வலிக்கவில்லை.

மே 12, ஞாயிறு

நூறாவது பாகம் காலை பதினொன்றுக்கு வெளியானது. நாற்பத்தெட்டுப் படம். அண்டகன் அறுப்பதற்குள் நிலானி கயிற்றைத் தானே அறுத்துவிட்டு, அறுந்த பாலத்தைப் பிடித்துக்கொண்டு மறுகரையில் மோதி ஏறுகிறாள். இருபத்தெட்டு வருட வயிற்றெரிச்சல் தீர்ந்தது. எது பொம்மை, எது கம்ப்யூட்டர் என்று குழுவில் அடிதடி நடக்கிறது. நாங்கள் பதில் சொல்லவில்லை. இன்னாசி மட்டன் வாங்கிவந்து தானே சமைத்தார், உப்புத்தான் கூடிவிட்டது.

சாப்பிட்டுவிட்டுக் கொல்லையில் உட்கார்ந்திருந்தோம். கமர் திடீரென்று கேட்டாள்: "ஒண்ணு கேக்கணும். உண்மையச் சொல்லு. உனக்கு எப்ப தெரியும்?"

தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு சொன்னேன்.

"அக்டோபர்ல. லேபுல ஒரு முன்பல்லு செதுக்கிட்டிருந்தேன், கத்தி தானா நகந்துச்சு. அன்னைக்கு பஸ்ஸு ஏறாம பொன்மலை வரைக்கும் நடந்தே வந்தேன். காத்து, மெழுகு, கண்ணாடின்னு சொன்னதெல்லாம் பொய்யின்னு எனக்குத் தெரியும்டி. ரொம்பப் பயமா இருந்துச்சு."

"ஏன் சொல்லல?"

இதை இங்கே எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, எழுதுகிறேன். "சொன்னா பொம்மையத் தூக்கி உள்ள வச்சிருவோம். நீ உன் வீட்டுலயே உக்காந்து எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல செஞ்சிருவ. அப்புறம் ஞாயித்துக்கெழம நீ எதுக்கு இங்க வரணும்?"

கமர் தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப் பைத்தியமே! நாலு வருஷமா ரெண்டு பஸ்ஸு மாறி பொன்மலைக்கு வர்றேனே, ஆறங்குலப் பொம்மையப் பாக்கவா வர்றேன்? எனக்கு அந்தப் பொம்மைங்கள ஆரம்பத்துலேருந்தே புடிக்காதுடி. முழிச்சு முழிச்சுப் பாக்குதுங்க."

"நெசமாவா?"

"நெசமா. நீ சந்தோஷமா இருக்கேன்னு கதை எழுதிக் குடுத்தேன்."

சிரித்ததில் எனக்கு விக்கல் வந்துவிட்டது. இன்னாசி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எதற்குச் சிரிக்கிறோம் என்றும் கேட்காமல் எங்களோடு உட்கார்ந்துகொண்டார்.

மே 18, சனி

நாளைக்குக் கதை வேலை எதுவும் இல்லை. கமர் பத்து மணிக்கு வருகிறாள்.